மூக்கன் காசு

மூணாறு
19 ஜனவரி 2025

பிரியாவுக்கு,

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். கடை நம்பரையும் தடுத்துவிட்டாய். பிச்சைமணியின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அதற்கும் அதே கதி. அவன் பாவம், ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன், அவனோடு உனக்கு என்ன சண்டை? அதனால்தான் தபால். இதை எந்தப் பொத்தானை அழுத்தியும் தடுக்க முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நீ படித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் உன்னோடு ஒரே வகுப்பில் தமிழ் படித்தவன் நான். மிக்சர் மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட நீ படிக்காமல் எறிந்ததில்லை.

இந்த வருஷம் பனி அதிகம். காலையில் எஸ்டேட் புல்லெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்க வருகிற கூட்டத்தால் கடையில் தேயிலையும் ஏலக்காயும் நன்றாகப் போகின்றன. நீ எழுதி ஒட்டிய விலைச் சீட்டுகளை நான் மாற்றவில்லை. விலை ஏறிவிட்டது, சீட்டு அப்படியே இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்கிறேன். கம்பளி இப்போது எனக்கு ஒருவனுக்கே முழுதாகக் கிடைக்கிறது. எனக்கு அது வேண்டாம், பிரியா. நீ முக்கால்வாசியை இழுத்துக்கொண்டு, எனக்கு ஓரத்தை விட்டால் போதும்.

அந்த வெள்ளிக்கிழமையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ வழக்கம்போல சாமி அலமாரியிலிருந்து மூக்கன் காசை எடுத்துத் திருநீறு போட்டுத் துடைத்தாய். விளிம்பில் ஓரிடத்தில் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்தாய். “இது எங்கப்பா குடுத்த காசு இல்லீங்க. அதை எங்க வெச்சிருக்கீங்க?” என்றாய். “இதுதான் அது” என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்ட எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் நீ பஸ் ஏறிவிட்டாய்.

அந்தக் காசை நான் எப்படி மாற்றுவேன்? எஸ்டேட் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவனுக்கா பெண் கொடுப்பது என்று உன் சித்தப்பாமார் குதித்தபோது, உன் அப்பா ஒருவர்தான் என் பக்கம் நின்றார். கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு பக்கம் பெரிய மூக்கோடு ராஜா முகமும் மறுபக்கம் இரண்டு தூணுமாக இருந்த அந்த ஸ்பெயின் நாட்டு வெள்ளியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். “மாப்ளே, எங்கூட்டுப் பொண்ணுக கூடவே போற காசுங்க இது. பத்தரமா வெச்சுக்கோங்க. வெளிய ஆருகிட்டயும் காட்டிக்காதீங்க” என்றார். அன்றைக்கு அவர் என்னை ‘மாப்ளே’ என்று கூப்பிட்டதுதான் எனக்குப் பெரிய சீர். அதை விற்றுத் தின்கிறவனா நான்?

அம்மா லயத்திலிருந்து ஞாயிறுதோறும் வந்து நிற்கிறாள். “மருமகள என்னலே சொன்ன? வாயத் தொறந்து சொல்லு” என்கிறாள். கோயம்புத்தூர்க்காரர்கள் கடைக்கு வந்து “ஏனுங்க, இந்த ஏலக்காய் என்ன விலைங்க?” என்று கேட்டால், அந்த ‘ஏனுங்க’வுக்கு நான் சட்டென்று திரும்பிவிடுகிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

வந்துவிடு.

அஜய்


நல்லேப்பிள்ளி
27 ஜனவரி 2025

மூணாறு கடைக்காரர் அவர்களுக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை. அதற்காக உச்சி குளிர்ந்துவிட வேண்டாம்.

பனியையும் கம்பளியையும் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிகிறது. நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை. சரி, நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

கல்யாணத்தன்று அம்மா எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். “வெள்ளிக்கெழமை காசு தொடைக்கையில மூஞ்சியத் தொடை, தூணைத் தொடை. விளிம்பத் தேய்க்காதே” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, அதெல்லாம் வழக்கம் என்றாள். அதிலிருந்து இன்றுவரை நான் விளிம்பில் திருநீறு பட விட்டதில்லை. யாரும் தேய்க்காத விளிம்பு தானாகச் சிவக்குமா?

அடுத்தது, சென்னையிலிருந்து வந்த பூபதிராஜா. பழைய காசு சேர்க்கிறவர். அவர் பேஸ்புக்கில் போட்ட படத்தை நான்தான் முதலில் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. கையில் மூக்கன் காசு, பின்னால் நம் கடை அலமாரி, நான் ஒட்டிய விலைச் சீட்டு. கீழே, “மூணாறில் இன்று என் கைக்கு வந்த ஸ்பானிய வெள்ளி.” கைக்கு வந்த! நானும் அத்தையும் ஆனைக்கரைக்கு வளைகாப்புக்குப் போயிருந்த அன்றைக்கு எடுத்த படம் அது. திரும்பி வந்தபோது நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை விளிம்பு சிவந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கட்டிக்கொண்டதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வெள்ளி பெரிதில்லை. வெள்ளிக்கு ஆசைப்படுகிறவள் உங்கள் லயத்து வீட்டுக்கு ஏன் வரப்போகிறேன்? அப்பா போய் இரண்டு ஆடி முடியவில்லை. அவர் கையால் கொடுத்தது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத் துடைக்கும்போது அவர் விரலைத் தொடுவதாகவே எனக்கு இருக்கும். அந்த இடத்தில் வேறு எதையோ வைத்துவிட்டு, “இதுதான் அது” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இப்போதும் சொல்கிறேன். விற்றேன் என்று ஒரு வரி எழுதுங்கள். என்ன கஷ்டமோ, என்ன அவசரமோ, நான் கேட்கமாட்டேன். அடுத்த பஸ்ஸில் வருகிறேன். பொய்யை நடுவில் படுக்க வைத்துக்கொண்டு மட்டும் என்னால் குடித்தனம் பண்ண முடியாது.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் பிரசவ லீவில் போகிறாராம். பரீட்சை முடியும்வரை என்னை வரச் சொல்கிறார்கள். பிடித்துப்போனால் ஜூனிலிருந்து அங்கேயே இருந்துகொள்ளலாம் என்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அறுப்புக்கு ஒத்தாசையாக வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நெல் இப்போதுதான் கதிர் தள்ளியிருக்கிறது. அறுப்புக்கு இவ்வளவு முன்னால் எந்த மகளும் வந்ததில்லை என்று அவளுக்கும் தெரியும், கேட்கமாட்டேன் என்கிறாள்.

யோகப்பிரியா


மூணாறு
5 பிப்ரவரி 2025

பிரியாவுக்கு,

நீ சொன்னதில் பாதி சரி. பூபதிராஜாவிடம் காசைக் காட்டினேன். உன் அப்பா காட்டாதே என்றதை மீறித்தான் காட்டினேன். தேயிலை வாங்க வந்தவர், பழைய காசு ஏதாவது இந்தப் பக்கம் கிடைக்குமா என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். “என் மனைவி வீட்டில் ஸ்பெயின் வெள்ளி உண்டு” என்று பீற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன். உன் குடும்பத்தின் பெருமையைக் கொஞ்ச நேரம் என் பெருமையாக வைத்துக்கொள்ள ஆசை. லயத்துக்காரனுக்கு இந்த மாதிரி ஆசை வரக்கூடாதா?

அவர் படம் எடுத்தார். எடுத்த கையோடு பேஸ்புக்கில் போட்டார். பிறகு நிறுத்துப் பார்த்தார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் விற்கவில்லை, மாற்றவில்லை. இதற்கு மேல் கேட்காதே.

அவர் நிறுத்துப் பார்க்கும்வரை சொன்ன கதையை உனக்குச் சொல்கிறேன். மூக்கன் ஸ்பெயின் நாட்டு ராஜாவாம், மூன்றாம் கார்லோஸ் என்று பெயர். வெள்ளி அவன் ஊரில் விளைந்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கக் கண்டத்து மலைகளில், அங்கிருந்த ஜனங்களை வதைத்துத் தோண்டியெடுத்தது. மெக்சிகோவில் அச்சடித்துக் கப்பல் கப்பலாக உலகம் பூராவும் அனுப்பினார்கள். நம் மிளகும் ஏலக்காயும் துணியும் வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியிருந்தன. அவர்கள் கொண்டுவந்த சரக்கு நம் ஆட்களுக்கு அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. வேறு வழி? வெள்ளியைக் கொட்டினார்கள். கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் இறங்கிய காசு உங்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொதிமாட்டில் ஏறி, கிழக்கே போயிருக்கும் என்றார். போன இடத்தில் முக்கால்வாசியை உருக்கிவிட்டார்களாம். ரூபாயாகவும் கொலுசாகவும் குழந்தையின் அரைஞாணாகவும் அது நம் ஊரிலேயே கரைந்துவிட்டது.

அந்த ராஜாவின் மூஞ்சியைச் சீனாக்காரன் முதல் பொள்ளாச்சிச் சந்தைக்காரன் வரை நம்பியிருக்கிறார்கள். நம்பினார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. கை மாறுகிற இடத்திலெல்லாம் காசு மாற்றுகிறவன் தட்டி ஓசை கேட்டு, நிறுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் தன் முத்திரையைச் சின்னதாகக் குத்துவான். நம் மூக்கனின் கன்னத்தில் இருப்பதை நீ அம்மைத் தழும்பு என்பாயே, அவை அந்தக் குத்துகள்தான். சந்தேகப்பட்டவன் வைத்த அடையாளம், சந்தேகம் தீர்ந்தபிறகு வைத்தது.

என் கன்னத்தில் நீயும் ஒன்று வைத்துவிட்டாய். வலிக்கத்தான் செய்கிறது. சந்தேகம் தீர்ந்து வைத்ததாக இருந்தால் வாழ்நாள் பூராவும் தடவிக்கொண்டே இருப்பேன்.

பிச்சைமணி பாலக்காட்டுக்குச் சவாரி வருகிறான். அவனிடம் காசைக் கொடுத்து அனுப்புகிறேன். அது உன் வீட்டுக் காசு, உன்னிடமே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் அலமாரியைத் திறந்தால் அது மட்டும் இருக்கிறது, துடைக்க நீ இல்லை. என்னால் பார்க்க முடியவில்லை. கூடவே ஆனைக்கரை ஏலக்காய் கொஞ்சம் வைத்திருக்கிறேன், பச்சை மாறாத முதல் தரம். உன் அம்மாவுக்கு டீயில் போட்டுக் கொடு.

அஜய்


நல்லேப்பிள்ளி
11 பிப்ரவரி 2025

கடைக்காரருக்கு,

காசு வந்து சேர்ந்தது. ஏலக்காயும் வந்தது.

கல்யாணத்தில் பெண்வீட்டார் கொடுத்ததை மாப்பிள்ளை திருப்பி அனுப்பினால் எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? தீர்த்துவிட்டேன் என்று அர்த்தம். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டியதை நீங்கள் ஒரு ஜீப்காரரிடம் கொடுத்துவிட்டீர்கள்.

பிச்சைமணி வந்த நேரம் நான் வயலில் தண்ணீர் திருப்பிவிடப் போயிருந்தேன். வாய்க்காலில் ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் முறைக்கு வந்திருந்தது. திரும்பி வந்தால் அம்மா காசைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. எங்கேயாவது போய்விடலாம் என்று இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை சேருகிறேன்.

இனி எழுத வேண்டாம்.

யோகப்பிரியா


மூணாறு
16 பிப்ரவரி 2025

பிரியா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

தீர்க்க அனுப்பவில்லை, சத்தியமாக இல்லை. எங்கள் லயத்தில் சீரும் கிடையாது, செனத்தியும் கிடையாது. கல்யாணத்தன்று ஒரு பித்தளைக் குடமும் ஒரு பாயும் வரும், அதைத் திருப்பி அனுப்புகிற யோசனை யாருக்கும் வராது, ஏனென்றால் மறுநாள் அதில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். உங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாமல் போயிற்று. பிச்சைமணியிடம் கேட்டிருக்கலாம், அவனுக்கும் தெரிந்திருக்காது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “ஐயோ அண்ணே, என் கையாலயா குடுத்து விட்டீக” என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

உன்னை விட்டுவிட்டு நான் என்ன செய்யப்போகிறேன்? கடையை மூடும்போது இன்னும் இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். காலையில் ஒன்று கவிழ்த்தபடியே இருக்கும். உன் செருப்பு ஒரு ஜோடி வாசலில் கிடக்கிறது. அம்மா எடுத்து உள்ளே வைக்கப் போனாள், வேண்டாம் என்றேன். வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் வீட்டுக்குள் இருப்பதாகத்தானே தெரியும். பைத்தியக்காரத்தனம்தான். உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவேன்?

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். ஒரு வரி எழுதினால் நீ என்னை நம்பிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அந்த வரி என் பேனா நுனியில் நிற்கிறது. மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதை எழுதினால் எனக்கு நீ கிடைப்பாய், ஆனால் உனக்கு வேறு ஒன்று போய்விடும். நீ வெள்ளிக்கிழமைதோறும் தொடுகிறேன் என்றாயே, அது போய்விடும். அதை எடுத்துக்கொண்டு உன்னைத் திரும்ப வாங்க எனக்கு மனசு வரவில்லை.

விற்றேன் என்று பொய்யாக எழுதிவிடலாமா என்றும் யோசித்தேன். நீ மன்னித்துவிடுவாய், வந்துவிடுவாய், அம்மாவும் நிம்மதியாக இருப்பாள். ஆனால் உன் அப்பா பத்திரமாக வைத்துக்கொள் என்று கொடுத்ததை விற்றவன் என்ற பெயரோடு உன் பக்கத்தில் படுக்க என்னால் முடியாது. ஆகவே இரண்டையும் எழுதமாட்டேன். நீ என்னைக் கள்ளன் என்றே நினைத்துக்கொள். அப்படி நினைத்துக்கொண்டாவது சில நேரம் நினை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ரொம்ப மிரட்டாதே. உன் புருவம் ஏறினாலே போதும், நான் மூன்று வருஷம் பார்த்தவன்.

அஜய்


நல்லேப்பிள்ளி
1 மார்ச் 2025

ஏனுங்க,

முதலில் நன்றாக மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதாமல் விட்ட வரி எனக்குத் தெரிந்துவிட்டது. காசு மாறவில்லை. அப்பா கொடுத்தது அதேதான். அது வெள்ளி இல்லை.

உங்கள் போன கடிதத்தைப் பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், “ஏன் கண்ணு, ஊட்டுல ஆராச்சும் தவறிட்டாங்களா?” என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். சாயங்காலம் வந்ததும் அம்மா முன்னால் காசையும் உங்கள் கடிதங்களையும் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா நிதானமாக வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டாள். “இதுக்கா புருசன உட்டுட்டு வந்தே?” என்றாள். பிறகு சொன்னாள்.

“அது வெள்ளியே கெடையாது கண்ணு. உள்ள செம்பு, மேல வெள்ளிப் பூச்சு. எங்கம்மா எனக்குச் சொல்லித்தான் குடுத்தாங்க. எங்கூட்டு முன்னோரு ஒருத்தரு பொதிமாட்டுல அரிசி ஏத்திக்கிட்டுக் கோழிக்கோட்டுக்குப் போயி, உப்பும் கொப்பரையும் ஏத்திட்டு வருவாராமா. அங்க ஒரு ஏவாரி இந்தக் காசைக் குடுத்துட்டானாமா. பொள்ளாச்சிச் சந்தையில காசு மாத்தறவன் விளிம்புல ஒரு வெட்டு வெட்டிப் பாத்துட்டு, செல்லாதுன்னு ஊரு பாக்க வீசிப் போட்டானாமா. மனுசன் வெக்கம் தாங்காம, அந்த வெட்டுல ஈயத்தை ஊத்தி அடைச்சு, ஊட்டுக்காரி கையில, ‘வெள்ளி புள்ளே, சாமிக்கு வெச்சுக்கோ’ன்னு குடுத்தாராமா. அவளுக்குத் தெரியாதா? வெரல் பட்டவொடனே தெரிஞ்சுபோச்சு. வாயத் தொறக்கலே. வாங்கி சாமிகிட்ட வெச்சுக் கும்புட்டா. அதுல இருந்து பொண்ணுக கையிலதான் போகுது. விளிம்பத் தேய்க்காதேங்கறது அதுக்குத்தான்.”

கன்னத்தில் இருக்கிற குத்துகள்? அவையும் கள்ளக் குத்துகளாக இருக்கும். காசையே போலியாகச் செய்கிறவனுக்கு நாலு முத்திரை குத்த எவ்வளவு நேரமாகும்? மூக்கனை உலகம் நம்பியதால்தான் மூக்கனுக்குப் போலியும் வந்திருக்கிறது. உங்கள் கதையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூபதிராஜா ஊசியால் விளிம்பை நோண்டியதை, அப்போது கடையில் இருந்த பிச்சைமணி காசு கொண்டுவந்த அன்றைக்கே அம்மாவிடம் உளறியிருக்கிறார். “அந்தாளு குத்தி எடுத்ததும் உள்ள செவப்பாத் தெரிஞ்சுதும்மா. அண்ணன் மொகம் செத்துப்போச்சு. யாருகிட்டயும் சொல்லாதலேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக” என்றாராம். சத்தியத்தை அம்மாவிடம் இறக்கி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நம்பரைத் தடுத்தது நியாயம்தான் என்று முதலில் நினைத்தேன். இப்போது அந்தத் தடையை எடுத்துவிட்டேன்.

“அப்பாவுக்குத் தெரியாதா?” என்று அம்மாவைக் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை உங்களுக்கு எழுதத்தான் இந்தக் கடிதமே.

“கெணறு வத்திப்போன வருசம் ஒருக்கா அதை எடுத்துக்கிட்டுச் சித்தூருக்கு அடகு வெக்கப் போனாரு. சாயங்காலம் காசோட திரும்பி வந்தாரு. ‘பூவாத்தா, குடுக்க மனசு வரலே, கொண்டாந்துட்டேன்’னாரு. என்ற மொகத்தையே பாக்கலே. கடைக்காரன் என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாதா? என்ற அம்மா ஊட்டுப் பேரு கெட்டுப்போகும், நான் வெசனப்படுவேன்னு அந்த மனுசன் முழுங்கிட்டாரு. நானும், ‘போகட்டும், உடுங்க’ன்னு வாங்கி வெச்சுட்டேன். கோவக்காரரு, உனக்கே தெரியும். எத்தனை நாளு சோத்துத் தட்டை எத்தியிருப்பாரு. அந்த ஒரு பொய்யை நெனச்சுக்குவேன். எல்லாம் பொறுத்துப் போயிரும்.”

அப்படியென்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்கள் கையில் வைத்து மூடியபோது அது கள்ளக் காசு என்று அப்பாவுக்குத் தெரியும். யாரிடமும் காட்டாதீர்கள் என்று அவர் சொன்னது, அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக. நீங்கள் காட்டத்தான் செய்தீர்கள். ஆனால் காட்டிய பிறகு அவர் செய்ததையே செய்தீர்கள், அவருக்காகவே செய்தீர்கள். அப்பா உங்களை மாப்ளே என்று கூப்பிட்டதில் தப்பில்லை.

எனக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். “உங்கப்பன் இருக்கையில சொன்னா நீ எங்காச்சும் வாய் தவறிச் சொல்லிப்போடுவே, அவரு கூசிப்போவாருன்னு இருந்தேன். போன பொறகு சொல்ல வாய் வரலே” என்றாள். உங்களுக்கு இதையெல்லாம் எழுதவே கூடாதாம். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்து இரு என்கிறாள். அதுதான் அழகு என்கிறாள்.

எனக்கு அதில் அழகு தெரியவில்லைங்க. அழுகைதான் வந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில், ஒரே காசைப் பார்த்து, ஒருவருக்குத் தெரியாது என்று மற்றவர் நினைத்துக்கொண்டு அத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். ஒருநாள் உட்கார்ந்து சேர்ந்து சிரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அப்பா சிரித்தால் வயிறு குலுங்கும், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு அம்மாவுக்குக் கிடைக்காமலே போயிற்று. எனக்கு அப்படி ஒரு குடித்தனம் வேண்டாம். ஆகவே அம்மா பேச்சை மீறி எழுதிவிட்டேன். நீங்கள் எனக்காக மறைத்ததை நான் அறிந்துகொண்டேன் என்று நீங்களும் அறிந்துகொள்ளுங்கள்.

உங்களைக் கள்ளன் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் நீங்கள் ஏதாவது வேடிக்கையாகப் பதில் எழுதித் தப்பித்துவிடுவீர்கள். நேரில்தான் கேட்க வேண்டும். ஆனால் என்னால் இப்போது கிளம்ப முடியாது. பரீட்சை முடியும்வரை பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆத்திரத்தில் கொடுத்த வாக்குதான், இருந்தாலும் வாக்கு வாக்குதானே. ஜூனில் நான் அங்கே இருக்கமாட்டேன் என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசிவரை பொறுக்க எனக்குப் பொறுமை இல்லை.

நீங்கள் வாருங்கள். கடையை அத்தையிடம் விட்டுவிட்டு, மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு வந்து பஸ் மாறுங்கள். பொள்ளாச்சியில் இறங்கியதும் போன் பண்ணுங்கள், எடுப்பேன். அப்பா இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று தயங்கிக்கொண்டு நிற்காதீர்கள். இங்கே கொங்கன்படைத் திருவிழாவுக்குச் சித்தூரே தயாராகிக்கொண்டிருக்கிறது, வயலில் அறுப்பு மெஷின் நிற்கிறது, அம்மா உங்களுக்காகக் கோழியைக் கட்டி வைத்திருக்கிறாள். வந்து என் கம்பளியை, இல்லை, இங்கே வெயில் கொளுத்துகிறது, என் விசிறியைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் கிடக்கிற என் செருப்பை எடுக்க வேண்டாம். அது அங்கேயே கிடக்கட்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை. மூக்கனை எடுத்து மூஞ்சியைத் துடைத்தேன், தூணைத் துடைத்தேன். பிறகு அம்மா பார்க்கப் பார்க்க, விளிம்பு முழுவதும் திருநீறு போட்டுச் சுற்றித் தேய்த்தேன். அம்மா கையை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள்.

செம்பு நன்றாகவே பளபளக்கிறதுங்க.

பிரியா